பிப்ரவரி ஒன்றாம் தேதி எல்போ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பகுதியில், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் தன் மகனைப் பற்றிக் குறைபட்டு எழுதியிருந்தார். மகன் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாராம். பூமியில் இருந்தபடியே நாசா வாயேஜர் விண்கலத்தைப் பழுது பார்த்த செய்தியை அப்பா ஆசையாக எடுத்துக் காட்டினால், "ரிமோட் வொர்க்னா இதுதாம்பா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். எதன் மேலும் மரியாதை இல்லாத தலைமுறை என்று கடிதத்தை முடித்திருந்தார். படித்தவுடன் எழுதியது என் அப்பாதானோ என்று ஊர்ப் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இல்லை. ஆனாலும் பதினாறு வருடமாக நானும் இதே பிழைப்பில் இருப்பவன், இதே மாதிரி சிரிப்பவன். அதனால்தான் இந்தப் பதில்.

மரபணு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்ட ஒரு சர்வதேசக் குழு உண்டு. அந்தக் குழு ஏறக்குறைய ஒரு வருடத்தில் சுமார் 27 மரபணுக்களின் பெயரை மாற்றிய கதை 2020-இல் செய்தியானது. காரணம் ஏதோ புதிய கண்டுபிடிப்பு அல்ல, எக்செல். 'மார்ச்1' என்று ஒரு மரபணு இருந்தது, 'செப்ட்1' என்று இன்னொன்று. எக்செலில் அடித்த மாத்திரத்தில் அவை மார்ச் முதல் தேதியாகவும் செப்டம்பர் முதல் தேதியாகவும் மாறிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலைச் சேர்த்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதாக 2016-இலேயே ஒரு ஆய்வு சொல்லிவிட்டது. எக்செலை மாற்றுவதை விட மரபணுவை மாற்றுவது சுலபம் என்று கடைசியில் முடிவானது. மார்ச்1 'மார்ச்எஃப்1' ஆயிற்று, செப்ட்1 'செப்டின்1' ஆயிற்று. தானாகத் தேதியாக்குவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2023-இல்தான்.

இந்த 2023 செய்தி வந்த அன்று, மென்பொருள்காரர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரவு முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கும்போது என் கண்முன் நின்றது விஞ்ஞானிகள் அல்ல, விருதுநகரில் இருக்கும் என் மாமாவின் ஹார்டுவேர் கடை.

2022-இல் மாமாவுக்குச் சரக்கு இருப்புக்கு ஒரு எக்செல் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன். மென்பொருள் படித்த மருமகன் வீட்டில் இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குக் காசு என்பது அத்தையின் வாதம். கடைப் பையன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினான். மறுநாள் காலையில் மாமா போன் செய்தார். "மாப்ளே, பிப்ரவரி ஒண்ணாந்தேதி எல்போ நூத்தி இருபது இருக்காம். ஏப்ரல் மூணாந்தேதி டீ அறுபது இருக்காம். இது எந்தப் பஞ்சாங்கம்?"

எல்போ, டீ எல்லாம் குழாய்களை இணைக்கும் துண்டுகள். அரை இன்ச் எல்போவை 1/2 என்றும், முக்கால் இன்ச் டீயை 3/4 என்றும் அந்தப் பையன் அடித்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, குழாய் விற்பவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? நான் சென்னையிலிருந்தபடியே மாமாவின் கணினிக்குள் நுழைந்து, அந்தக் கட்டங்களை வெறும் எழுத்தாக மாற்றினேன். அரை இன்ச் இப்போது 44593 ஆனது. எக்செல் தேதிகளை உள்ளே வெறும் எண்ணாகத்தான் வைத்திருக்கும். அன்றைய பிப்ரவரி ஒன்றின் எண் அது. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்வளவு பெரிய பைப் நாம வாங்குறதே இல்லையே" என்றார். நான் ஏதேதோ செய்து பார்த்துக்கொண்டிருக்க, அவரே வழியும் சொன்னார்: "அரைன்னு எழுது, முக்கால்னு எழுது. சனியன் விட்டது." மரபணுக் குழு பல வருடம் யோசித்துச் செய்ததும் இதைத்தான்.

அடுத்து, 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு சிறிய கோப்பு உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி நீலத் திரையாக்கிய நாள். விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். நடந்தது இவ்வளவுதான்: மென்பொருளின் ஒரு பகுதி 21 தகவல்கள் வரும் என்று எதிர்பார்த்தது, கொடுக்கப்பட்டதோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப் போன மென்பொருள், விண்டோஸையும் கூட்டிக்கொண்டு குழியில் விழுந்தது. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் விழாத மென்பொருள்காரர் யாராவது இருந்தால், அவர் இன்னும் வேலையில் சேரவில்லை என்று அர்த்தம்.

எங்கள் குழுவில் அன்று வந்த முதல் செய்தி ஒரே ஒரு சொல்: "வெள்ளிக்கிழமை." வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை எதையும், மக்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடமான புரொடக்‌ஷனில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலின் எழுதப்படாத சாஸ்திரம். ஏற்றினால் சனியும் ஞாயிறும் நம்முடையவை அல்ல. அப்புறம் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர் ஒருவர், ஜாதகத்தில் நம்பிக்கை உள்ளவர், நேரத்தைக் கணக்குப் போட்டார். அந்தக் கோப்பு வெளியானது நம் நேரப்படி காலை 9.39. திரும்பப் பெற்றது, அதாவது ரோல்பேக், 10.57. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்குகிறது. "ரிலீஸ் பண்ணுனது தப்பில்ல, ரோல்பேக் பண்ணுன நேரம்தான் தப்பு. அதான் ஒவ்வொரு மெஷினா போய்க் கையால சரி பண்ண வேண்டியதாப் போச்சு" என்று தீர்ப்பு எழுதினார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அன்று வெளிநாடுகளில் சில மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைத்தன. தேதி தள்ளிப்போன நோயாளியின் வீட்டாரிடம் போய் இந்த ராகுகாலக் கதையைச் சொன்னால் அடிதான் விழும், விழவும் வேண்டும். இவையெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொள்பவை. அந்த அறிவியல் ஆசிரியரின் மகன் அப்பாவிடமே சொல்லிவிட்டார், அதுதான் அவர் செய்த பிழை.

சில்லறைச் செய்திகளும் உண்டு. 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில் பல தானியங்கிப் பெட்ரோல் பங்குகளில் கார்டு வேலை செய்யவில்லை. மென்பொருளுக்கு லீப் நாள் பிடிபடவில்லை. "லீப் வருஷம்னு முன்கூட்டியே அறிவிச்சிருக்கலாம்ல" என்று ஒருவர் கேட்டார். அதே வருடம் ஏப்ரலில் நிலாவுக்குத் தனி நேரம் வகுக்கும்படி அமெரிக்க அரசு நாசாவிடம் சொன்னது. நிலாவில் ஈர்ப்பு குறைவு, அதனால் அங்கே கடிகாரம் நம் ஒரு நாளைக்கு 58.7 மைக்ரோ நொடி முந்துமாம். எங்கள் குழுவில் இதற்குப் பதிலாக வந்தவை எல்லாம் அழும் முகங்கள். நேபாளம் கிரீன்விச்சை விட ஐந்தே முக்கால் மணி முன்னால் என்று தெரியவந்த வாரத்தில் தூக்கம் தொலைத்தவர்கள் நாங்கள். அந்த முக்கால் போதாதென்று இப்போது நிலா.

இனி வாயேஜர்-1. 1977-இல் கிளம்பிய கலம். 2023 நவம்பரில் திடீரென்று அர்த்தமில்லாமல் ஒரே வரிசை எண்களைத் திரும்பத் திரும்ப அனுப்ப ஆரம்பித்தது. ஒரு கணினியின் நினைவகத்தில் சுமார் 3 சதவீதத்தைத் தாங்கும் சில்லு ஒன்று செத்துப்போயிருந்தது. அதிலிருந்த நிரலை அப்படியே வேறிடத்துக்கு மாற்ற, அவ்வளவு பெரிய காலி இடம் எங்கும் இல்லை. ஆகவே துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்து பொந்துகளில் எல்லாம் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்படி முகவரிகளைத் திருத்தினார்கள். 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஏப்ரல் 18 அன்று அனுப்பி, 20 அன்று வேலை செய்ததைத் தெரிந்துகொண்டார்கள். நான் அழுத்தும் பட்டன் நாற்பது நொடி யோசித்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறவன். அந்த இரண்டு நாட்கள் அவர்கள் சாப்பிட்டார்களா என்றுகூடத் தெரியாது.

அவர்களுக்குத் துணை, பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ எழுதி வைத்த பழைய ஆவணங்கள். எங்கள் சீனியர் அதைப் படித்துவிட்டு, "எழுதி வைச்ச மனுஷனுக்குக் கோயில் கட்டணும். நான் போன மாசம் எழுதுன புரோகிராம் எனக்கே புரியல" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அன்று மாலை அவர் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதி வைத்ததையும் பார்த்தேன். அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் இல்லை.

கடிதம் எழுதிய அறிவியல் ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை மகன் சிரித்தால் கோபப்படாமல், "நீ எப்போ இப்படிப் பண்ணினே?" என்று மட்டும் கேளுங்கள். என் அப்பா ஒரு நாள் கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம். வெள்ளிக்கிழமை மாலை ஆறே கால். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்காகத் தவணை நினைவூட்டும் குறுஞ்செய்தி நிரலை ஏற்றிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பெயர் பதிவாகாதவர்களுக்கு என்ன போடுவது என்று நான் யோசித்திருக்கவில்லை. பதினோராயிரம் பேருக்கு 'டியர் நல்' என்று செய்தி போனது. கணினி பாஷையில் 'நல்' என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். தமிழில் அப்படி இல்லையே. ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சேவை மையத்தைக் கூப்பிட்டுப் பேசிய பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். "ஏனுங்க, நல்லுன்னு யாருக்கோ எழுதியிருக்கீங்க. எங்கூட்ல அப்பிடி யாருமே இல்லீங்களே. அந்த ஆளு கடன வாங்கிப்போட்டு எங்க நம்பரக் குடுத்துட்டானுங்களா?"

அப்பா சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பெயரை வெளியிட வேண்டாம், என் மேனேஜரும் உங்கள் சந்தாதாரர். வீட்டில் அன்றிலிருந்து கூப்பிடும் பெயரையே கீழே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நல்லு,
சோழிங்கநல்லூர், சென்னை.