இரண்டே அணிகள் மிஞ்சிய லீக்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளின் 'பாக்-12' லீக் ('பாக்' என்றால் பசிபிக்) 2026 ஜூலை முதல் எட்டுக் கால்பந்து அணிகளோடு மறுபடி எழுகிறது என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி பார்த்தேன். செய்தி சரி. படம்தான் இடித்தது. உருண்டைப் பந்தை ஒரு பையன் உதைத்துக்கொண்டிருக்கிறான். இது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் ஐயா. பந்தும் மட்டை உரித்த தேங்காய் மாதிரி இருக்கும்.

2024 ஆகஸ்ட் முதல் டிசம்பர் கடைசி வரை வாஷிங்டன் மாநிலத்துப் புல்மனில் மகள் வீட்டில் இருந்தேன். அங்குள்ள வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கோதுமை ஆராய்ச்சி. சுற்றிலும் மேடும் பள்ளமுமாக அறுத்துவிட்ட கோதுமை வயல். அந்தச் சரிவில் அறுப்பு மிஷின் கவிழாமல் எப்படிப் போகிறது என்பதுதான் தஞ்சாவூர்க்காரனான எனக்கு முதல் வாரத்துக் கவலை. ஊர் ஜனத்தொகை 33,000 சுமாருக்கு. ஸ்டேடியத்தில் இருக்கைகளும் ஏறக்குறைய அத்தனை.

நான் போய் இறங்கிய அதே ஆகஸ்டில்தான் லீக்கின் 12 கல்லூரிகளில் பத்து வெளியேறின. எல்லாம் டிவி பணம். பசிபிக் கடலுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரை லீக்கில் சேர்ந்தன என்று மாப்பிள்ளை சொன்னபோது, கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். மிஞ்சியவை வாஷிங்டன் ஸ்டேட், ஓரிகன் ஸ்டேட் இரண்டுதான். மவுன்டன் வெஸ்ட் என்ற இன்னொரு லீக்கிடம் பேசி, அந்த அணிகளோடு ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆனால் அவை எந்த லீக் அட்டவணையிலும் ஏறாது.

ஆட்டம் புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. நம் சடுகுடுவைப் போல ஒரு பாய்ச்சல், ஒரு பிடி, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. செப்டம்பர் 14 அன்று சியாட்டிலில் 'ஆப்பிள் கப்', அதாவது ஒரே மாநிலத்து இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதும் ஆட்டம். லீக்கை விட்டுப் போன பத்தில் ஒன்றான வாஷிங்டன் பல்கலைக்கழகம்தான் எதிரணி. ஆட்டம் முடியப் போகும் நேரம், கோட்டுக்கு ஒரே கஜம் பாக்கி, அவர்களுக்குக் கடைசி முயற்சி. பந்தோடு ஓரமாக ஓடியவனை இவர்கள் மடக்கிப் போட்டார்கள். 24-19க்கு வாஷிங்டன் ஸ்டேட் ஜெயித்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மகளின் ஆய்வகத் தோழர்கள் கத்திய கத்தலில் பேரன் விழித்து அழுதான். அடுத்த வெள்ளிக்கிழமை வாஷிங்டன் ஸ்டேட் சான் ஹோசே ஸ்டேட்டோடு மோதியதை நேரிலேயே பார்த்தேன். கூடுதல் ஆட்டம் இரண்டு தடவை போய் 54-52க்கு ஜெயித்தார்கள். நடுராத்திரி வரை கால் மரத்துப்போய் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் ஒன்பதில் எட்டு வெற்றி. அப்புறம் வரிசையாக மூன்று தோல்வி. அதில் நவம்பர் 23 அன்று ஓரிகன் ஸ்டேட்டிடம் 41-38க்குத் தோற்றது மட்டும்தான் லீக் கணக்கில் சேரும். ஆக, மொத்தம் ஐந்தே ஆட்டம் ஜெயித்த ஓரிகன் ஸ்டேட் அட்டவணையில் முதலிடம், எட்டு ஜெயித்த எங்கள் அணி கடைசி இடம்! (பாருங்கள், 'எங்கள்' என்று வந்துவிட்டது.) டிசம்பரில் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர்) மட்டீர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சியாளர் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும் கிளம்பிவிட்டார்கள். 27ஆம் தேதி சான் டியேகோவில் சிரக்யூஸிடம் 52-35க்குத் தோற்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் பார்த்த எனக்கு 'மறுபிறப்பு' என்ற உங்கள் தலைப்பு ஒட்டவில்லை. புதிதாக வருகிற டெக்சாஸ் ஸ்டேட்டுக்கும் பசிபிக் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்து ஊர்க்காரனோடு வருஷாவருஷம் மோதுவதற்கென்று 1915இல் தொடங்கிய லீக் இது. விட்டுப் போன பத்தும் திரும்பி வரவில்லை. பெயர் மட்டும்தான் அது.

அடுத்த முறை இந்த லீக் பற்றிச் செய்தி வந்தால், 'அமெரிக்கக் கால்பந்து' என்றே போடுங்கள். படமும் தேங்காய்ப் பந்தோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கும்பகோணம்.