கொட்டியாரத்துக்கு முப்பது வருடத் திட்டம் எங்கே?

மதிப்புக்குரிய திருகோணமலை அரசாங்க அதிபர் அவர்களுக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்கும்,

வணக்கம். டித்வா புயல் வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததிலிருந்து சனம் கேட்பது ஒன்றைத்தான்: எப்போது திருத்துவீர்கள்? நியாயமான கேள்வி. வெள்ளாமையைப் பறிகொடுத்தவன் அடுத்த போகத்தைத்தான் பார்ப்பான். நான் கேட்க வந்தது அதற்கும் அப்பால், மகாவலி கடலில் சேரும் இந்தக் கொட்டியாரப் பகுதியின் முப்பது வருடத்தைப் பற்றி.

2006 இல் மாவிலாற்று மதகுக் கதவு மூடப்பட்டுப் போர் மூண்டபோது நாடே அந்தப் பெயரைக் கேட்டது. 2025 இல் கட்டு உடைந்தபோது மறுபடி கேட்டது. இடைப்பட்ட காலத்தில் எங்களை யாரும் விசாரிக்கவில்லை என்று சொல்லவில்லை. நிவாரணப் பொதி வந்தது, படம் எடுத்தார்கள்.

335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி, வெருகலாறாக ஒரு கிளை பிரிந்து, மற்றது கொட்டியாரக் குடாவில் விழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலும் கரையிலும்தான் மூதூரும் சேருவிலவும் ஈச்சிலம்பற்றும் அல்லைக் குடியேற்றத்தின் வயல்களும் கிடக்கின்றன. இந்த ஆற்றுக்கு நீண்டகாலத் திட்டம் போடத் தெரியாத நாடல்ல இது. 1960களில் மகாவலிக்கு முப்பது வருடத் திட்டம் வரைந்தார்கள்; 1977க்குப் பிறகு அதைத் துரிதப்படுத்தி, கொத்மலையையும் விக்டோரியாவையும் ரந்தெனிகலையையும் கட்டி முடித்தார்கள். மின்சாரமும் உலர்வலயப் பாசனமும் கணக்கில் இருந்தன. கழிமுகம் கணக்கில் இருந்ததாக இங்கே ஒருவருக்கும் தெரியாது.

இன்றைய நிலையைப் பாருங்கள். தண்ணீர் மகாவலி அதிகாரசபையிடமும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும். மணல் அனுமதி சுரங்கப் பணியகத்திடம். கரை கரையோரம் பேணல் திணைக்களத்திடம். வெள்ளம் வந்த பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையம். இவர்களை ஒரு மேசையில் உட்கார வைத்திருக்க வேண்டிய மாகாண சபையின் காலமோ 2017 இல் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை.

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும், கமராவுக்கும் தெரியும். உப்பு அப்படியல்ல. சிறுபோகத்தில் ஆறு மெலிந்ததும் கடல் உள்ளே ஏறுகிறது. கடைமடை வரம்பில் காலையில் வெள்ளையாய் ஒரு பூச்சு தெரியும்; விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் போதும், அந்த வயலை இனிச் செய்யலாமா என்று வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சொல்லிவிடுவார். கதிர் பூக்கும் நேரத்தில் உவர் ஏறினால் அறுக்கக் கிடைப்பது பதர். கடல்மட்டம் உயர உயர இது இன்னும் உள்ளே வரும். அதற்கு எந்தப் பயிர், எந்த உவர்த்தடுப்பு, எந்த மாதத்தில் மேலிருந்து எவ்வளவு நீர் என்று இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

மணல் கதை இன்னும் மோசம். ஆறு கொண்டு வரவேண்டிய மணலில் ஒரு பங்கு மேலே நீர்த்தேக்கங்களுக்குள் படிகிறது. தப்பி வருவதை உழவு இயந்திரங்கள் அள்ளுகின்றன. கொட்டியாரக் குடாவின் அடியிலோ ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு. அதற்குள் விழுந்த மணல் திரும்பிக் கரையேறாது. பிறகு கரை அரிக்கிறது என்று கல் போடுகிறோம். மணல் அள்ளிப் பிழைப்பவனைக் குற்றம் சொல்வது லேசு. அவனுக்கு வேறு தொழில் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

வியட்நாம் 2017 இல் மேகோங் கழிமுகத்துக்கென்று தீர்மானம் எடுத்தது. உவர்நீரையும் வளமாக எண்ணி, நெல்லுக்கு முன்னே மீனையும் பழத்தையும் வைத்தது. 2022 இல் அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே திட்டம் கொண்டுவந்தது. வங்காளதேசம் 2018 இல் 2100 வரைக்கும் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அவற்றைப் பார்த்து எழுதச் சொல்லவில்லை. எங்கள் நெல்லை எடுத்துவிட்டு இறால் போடச் சொன்னால் முதலில் சண்டைக்கு வருபவன் நான்தான். ஒரு கழிமுகத்தை ஒரே நிலமாகப் பார்க்க முடியும் என்பதற்குத்தான் அவை சாட்சி.

புதிதாக ஒரு அதிகாரசபையும் வேண்டாம், தயவு செய்து. எங்களிடம் போக ஆரம்பக் கூட்டம் இருக்கிறது. விதைப்பு நாளையும் தண்ணீர் விடும் நாளையும் கமக்காரரும் அதிகாரிகளும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். சட்டம் அதை ஏற்கிறது. அதே முறையில் ஆற்றுக்கென்று வருடம் ஒரு கூட்டம் வையுங்கள். மீனவர், மாட்டுப் பட்டிக்காரர், மணல் தொழிலாளர் எல்லோரையும் கூப்பிடுங்கள். மேலே எந்த நீர்த்தேக்கத்தின் வான்கதவு எப்போது திறக்கும், பொலன்னறுவைப் பக்கம் மன்னம்பிட்டியில் ஆறு எவ்வளவு உயர்ந்தால் எந்த ஊர் எழும்ப வேண்டும், வெள்ளம் பரவ எந்தத் தாழ்நிலத்தைக் கட்டடமில்லாமல் விடுவது, அந்த நிலத்துக்காரனுக்கு என்ன நட்டஈடு: இவற்றை எழுத்தில் முடிவு செய்து 2055 வரைக்கும் ஒரு வரைபடத்தில் போடுங்கள்.

முதற்கூட்டம் வரும் பெரும்போகத்துக்கு முன் நடக்கட்டும். கொழும்பில் வேண்டாம், மூதூரிலோ வெருகலிலோ வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள். வருகிற பொறியியலாளர்களுக்குப் பகல் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கடைமடைக் கமக்காரன் ஒருவன்,
மூதூர்.