எங்கள் பெண்களைச் செவிலியராக்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்திலுள்ள எங்கள் ஊர் தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்களில் முதல் அணியினர், மூன்றாண்டு செவிலியர் டிப்ளமோ முடித்து இந்தப் பகுதியிலேயே பணியில் சேர்ந்துவிட்டார்கள்.

முதல் நன்றி எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்கு. "மதிப்பெண் பட்டியலை மடித்து வையுங்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பிள்ளை யார் என்று விசாரியுங்கள்" என்றார். குழுவில் முணுமுணுப்பு எழுந்தது, அவர் அசையவில்லை. 2018-ல் கஜா புயல் அடித்து ஊர் இருளில் கிடந்தபோது, பெரியவர்களுக்கு மருந்து வாங்க அலைந்த பிள்ளைகள் யார் என்பது ஊருக்கே தெரியுமே! வேலூர் சி.எம்.சி.க்குத் திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் அனுப்பியவர்களின் மருத்துவமனையில் சில காலம் பணிபுரிவது நெடுநாள் வழக்கம். அந்த யோசனையைத்தான் கடன் வாங்கினோம்.

தமிழ்வழியில் படித்த பெண்கள் உடற்கூற்றியல் பாடத்தின் ஆங்கிலத்தில் திணறியபோது, மாலை நேரங்களில் தமிழில் விளக்கிச் சொன்ன பயிற்றுநர் அம்மாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அதன் பலனைக் கடந்த ஐப்பசியில் கண்டோம். ஒரு விடியற்காலையில், வயிற்றுவலி என்று கீழத்தெருப் பெரியவர் ஒருவரை எங்கள் பகுதி அறக்கட்டளை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். உடம்பில் கடிவாய் எதுவும் தென்படவில்லை. பணியில் இருந்த எங்கள் பெண் (சிஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும், வாய் இன்னும் பழகவில்லை) "தாத்தா, இரவு எங்கே படுத்திருந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறாள். திண்ணையில், வெறும் பாயில். இமைகள் சரிந்துகொண்டிருந்தன. கட்டுவிரியனாக இருக்கலாம் என்று உடனே மருத்துவரை எழுப்பினாள். அந்தப் பாம்பு கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். விஷமுறிவு மருந்தை ஏற்றி, 108-ல் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வென்டிலேட்டரிலிருந்து மீண்ட பெரியவர், தை அறுவடைக்குக் களத்தில் வந்து நின்று எல்லோரையும் அதட்டினார். மருத்துவருக்கும், வழியெல்லாம் மூச்சுப்பையை அழுத்தியபடி சென்ற 108 ஊழியர்களுக்கும் நன்றி.

விடுதிக் கட்டணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய ஊர்ப் பிள்ளைகளுக்கும், சீருடையைக் கூலி வாங்காமல் தைத்த தையல்காரருக்கும், வரன் வந்தபோதும் "படிப்பு முடியட்டும்" என்று சொன்ன தகப்பன்மார்களுக்கும் நன்றி. எங்கள் பெண்களில் யாராவது நாளை வளைகுடாவுக்குப் போனால் குறை சொல்ல மாட்டோம். ஒப்புக்கொண்ட ஆண்டுகளை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும், அது போதும்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் அடுத்த அணிக்கான நேர்காணல். தலைமையாசிரியை அம்மா இந்த முறையும் வர வேண்டும். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பிக்க முடியாது, கார் அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
செயலாளர், கிராமக் கல்விக் குழு