எடையைக் கேட்டது போதும், இடுப்பளவைக் கேளுங்கள்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது, நான் செவிலியர் பணியின் கடைசி ஆண்டுகளில் இருந்தேன். ரத்த அழுத்த மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தவள் என்பதால், வாசலுக்கே மாத்திரை வருவதன் அருமை எனக்குத் தெரியும். அந்தத் திட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கை: தன்னார்வலரின் பையில் ஓர் இன்ச் டேப் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால், அது பையைவிட்டு வெளியே வர வேண்டும்.

உயரம் 150 செ.மீ., எடை 50 கிலோ உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 22. இந்தியர்களுக்கான வரம்பு 23 என்பதால் 'சரியான எடை' என்று அனுப்பிவிடுவோம். அவருடைய இடுப்பு 88 செ.மீ. இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும் என்பார் மாமியார். சில நேரம் மருத்துவரும் அதையேதான் சொல்கிறார். தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது என்பதே முக்கியம் என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதினார். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் உடல் பருமன் முடிவுகள் 2005-இல் வந்தன. மாரடைப்பு அபாயத்தை உடல் நிறைக் குறியீட்டைவிட இடுப்பு–பிட்ட விகிதமே தெளிவாகக் காட்டியது. தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வில்லங்கம்: அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, இன்சுலின் வேலை செய்யத் திணறுகிறது, ரத்தக் குழாய் பழுதாகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறைய, தொடையில் சேர்ந்துகொண்டிருந்தது வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எடை மெஷின் இதைக் காட்டாது. மெலிந்த கை கால்களோடு கொழுப்பு மிகுந்த உடல் நம் நாட்டில் எவ்வளவு சகஜம் என்பதைப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்றது. எடை அதிகமில்லாத மீதிப் பேர் எல்லாரும் தப்பித்தவர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த ஆய்விலேயே முதல்முறையாக இடுப்பையும் அளந்தார்கள். இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இடுப்பு–பிட்ட விகிதம் அபாய வரம்பில் இருந்தது.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற தொற்றா நோய்களுக்கான மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்பளவுக்கும் இடம் உண்டு: பெண்களுக்கு 80 வரை சுழியம், 90 வரை 1, அதற்கு மேல் 2 மதிப்பெண். ஆனால் கண்மதிப்பில் நிரப்பப்பட்ட படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகத் தன்னார்வலர்களைக் குறை சொல்ல மாட்டேன். புடவை கட்டிய பெண்ணை அளப்பது லேசான காரியமா? கொசுவத்தின் மேல் டேப்பைச் சுற்றினால் சில அங்குலம் கூடுதலாக வரும். பாவாடை நாடா இறுகிய இடத்தில் வைத்தால் குறைந்துவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது, தோலின் மேல் அளக்க வேண்டும். அதற்கு உள்ளறையும் ஐந்து நிமிட அவகாசமும் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற இலக்கில் அந்த ஐந்து நிமிடத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். பேன்ட் போடும் ஆணுக்குப் பெல்ட் துளை சொல்லிவிடும். நாடாவைத் தளர்த்திக்கொள்ளும் பெண்ணுக்குச் சொல்ல யாரும் இல்லை.

அளவைப் பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், அளக்கப்பட்ட பெண்ணிடமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தினமும் வேகமாக நடந்தும் எடை குறையவில்லையே என்று கைவிட்ட பெண்கள் ஏராளம். அப்படி நடப்பவர்களுக்கு எடை அசையாமலே இடுப்பு குறைவதுண்டு. உள்வயிற்றுக் கொழுப்பு உடற்பயிற்சிக்குச் சீக்கிரம் இளகும். எடையும் குறைய வேண்டியவர்களுக்கு, 60 கிலோவில் மூன்று கிலோ குறைந்தாலே சர்க்கரையும் டிரைகிளிசரைடும் இறங்கத் தொடங்கும். காலைச் சாப்பாட்டை விட்டுப் பட்டினி கிடப்பதும், தொலைக்காட்சியில் விற்கும் அதிர்வு பெல்ட்டும் இதற்கு வழியல்ல. சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, காய்களைக் கூட்டச் சொல்வதே போதும். அதை வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குச் சொல்கிறோம் என்பதால், மற்றவர்களும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருக்கும்.

கர்ப்பகாலச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ வந்தவர்களையும், சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களையும் வயது பார்க்காமல் முதலில் அளக்கச் சொல்லுங்கள். இவர்களில் யாராவது படியேறும்போது மூச்சு வாங்குகிறது, தாடையோ முதுகோ வலிக்கிறது என்றால், அது இதயக் கோளாறாகவும் இருக்கலாம் என்பதால், வாய்வு என்று சோடா வாங்கிக் குடிக்க விடாமல் அன்றே இசிஜி எடுக்க அனுப்ப வேண்டும்.

டேப் வாங்கும்போது தையல் கடையின் துணி டேப் வேண்டாம். நாளாக ஆக இழுபட்டு நீண்டு, அளவைக் குறைத்துக் காட்டும். நீளாத ஃபைபர் கிளாஸ் டேப் வாங்கி, சென்டிமீட்டர் பக்கத்தில் 80-க்கு நேரே சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர் ஒருவர்