துளை என்னமோ சின்னதுதான், மாப்ளே

ஆத்தங்குடி
புரட்டாசி முதல் வாரம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் என் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா இருக்கணும். போன்ல பேசியிருக்கலாம். ஆனா நீ பாதியிலேயே "சரி சரி, கட்டிங் டேபிள்ல கூப்பிடுறாங்க"ன்னு வச்சிருவே. அதான் உட்கார்ந்து எழுதுறேன். நாலு மாசமா உட்கார்றதுக்குத்தானே பழகிக்கிட்டிருக்கேன்!

நீ கேட்டது மனசுலயே நிக்குது. "உன் முட்டி ஆபரேஷனுக்கு ரெண்டே ரெண்டு ஓட்டைதான் போட்டாங்க, மறுநாளே நடந்துட்டே. எனக்கும் முட்டி ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு, நானும் தீபாவளி லீவுல போய்ப் படுத்திரவா?"ன்னு கேட்டியே. மாப்ளே, அவசரப்படாதே. என் கதையை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு.

மாசி மாசம் கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்டுல வேலை. ரெண்டாங்கட்டுல உடைஞ்ச பழைய கல்லைப் பேர்த்துட்டு நம்ம ஆத்தங்குடித் தரைக் கல்லைப் பதிக்கணும். எட்டு இஞ்சுக்கு எட்டு இஞ்சு கல்லு, நூறு சதுர அடிக்கு 225 வரும். ஒவ்வொண்ணுக்கும் குத்தவச்சு, கலவை போட்டு, கல்லை இறக்கி, உள்ளங்கையால ஓரத்தைத் தடவிப் பார்த்து, நகரணும். முப்பது வருசமா இப்படித்தான். அன்னிக்குப் பின்னால இருந்த அடுக்குல ஒரு கல்லை எடுக்க, குத்தவச்ச வாக்குலயே திரும்பி எந்திரிச்சேன். டக்குனு ஒரு சத்தம். கால் பாதி மடங்கின மேனிக்கே பூட்டிக்கிச்சு. நீட்டவும் முடியலை, மடக்கவும் முடியலை. பசங்க ரெண்டு பேரும் என்னை மடக்கு நாற்காலி மாதிரி தூக்கித் திண்ணையில வச்சாங்க.

அப்புறம் ஒரு மாசம் வைத்தியத்துக்குக் குறைச்சலே இல்லை. நாளும் முடக்கத்தான் தோசை. ஞாயித்துக்கிழமைன்னா ஆட்டுக்கால் சூப். காரைக்குடித் திங்கட்கிழமைச் சந்தையில எந்த ஆட்டுக்கும் கால் மிஞ்சியிருக்காதுன்னு நினைக்கிறேன். ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி விட்டார், அன்னிக்கு ராத்திரி வலியில கூரை ஓடுகளை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். பூட்டு நாலு நாளைக்கு ஒருதரம் தானா திறக்கும், திரும்பவும் விழும். கடைசியில மதுரைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முட்டியில ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்குமே ஜவ்வு, அதுல உள்பக்கத்து ஜவ்வு கிழிஞ்சு, ஒரு துண்டு மூட்டுக்கு நடுவுல போய் ஆப்பு மாதிரி மாட்டியிருக்குன்னு சொன்னாங்க. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோ, பின்னால உனக்கு வேணும்.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம்தான். முதுகுத்தண்டுல ஊசி போட்டதால இடுப்புக்குக் கீழே என்னோடது இல்லைங்கற மாதிரி இருந்துச்சு. ஆனா முழிப்பு இருந்துச்சு. ஒரு துளை வழியா பேனா மாதிரி கேமரா, இன்னொண்ணு வழியா கருவி. முட்டிக்குள்ள உப்புத்தண்ணியைப் பாய்ச்சி உப்ப வச்சு, டி.வி.யில பார்த்துக்கிட்டே வேலை செய்யறாங்க. நானும் பார்த்தேன். எலும்பு மேல இருக்கிற குருத்தெலும்பு இளநீர் வழுக்கை மாதிரி அம்புட்டு வெள்ளை. கிழிஞ்ச ஜவ்வு பழைய துண்டோட கரை மாதிரி நூல் நூலா ஆடுது. தைக்கறதா வெட்டறதான்னு உள்ளே பார்த்த பிறகுதான் டாக்டர் முடிவு பண்ணினார். ஜவ்வோட வெளி ஓரத்துலதான் ரத்த ஓட்டம் உண்டாம், அங்கே கிழிஞ்சா தைக்கலாம், சேரும். உள் ஓரத்துல ரத்தம் வராது, தைச்சாலும் சேராது. எனக்கு உள்ளே. அதனால மாட்டியிருந்த துண்டை மட்டும் நறுக்கி எடுத்து, ஓரத்தை மழிச்சு விட்டாங்க. முன்னெல்லாம் ஜவ்வை மொத்தமா எடுத்துருவாங்களாம். அப்படி எடுத்தவங்களுக்குப் பின்னாடி எலும்போட எலும்பு தேஞ்சுபோனதைப் பார்த்துத்தான், இப்ப எவ்வளவு மிச்சம் வைக்க முடியுமோ வைக்கிறாங்க.

நர்சிங் படிக்கிற நம்ம சின்னது ஒரு சங்கதி சொல்லுச்சு. முட்டிக்குள்ள இப்படிக் குழாய் விட்டுப் பார்க்கலாம்னு முதல்ல இறங்கினவர் ஜப்பான்காரர், கெஞ்சி தகாகின்னு பேரு. 1918-லயே, மூத்திரப்பை பார்க்கிற கருவியைப் பிணத்தோட முட்டிக்குள்ள விட்டுப் பார்த்தாராம். அங்கே அப்பல்லாம் காசநோய் முட்டியைப் பிடிச்சு விறைக்க வச்சிருமாம். அவங்களும் தரையில மண்டி போட்டு உட்கார்ற ஜனம், காலு மடங்கலைன்னா சபையில உட்கார முடியாது. அவர்கிட்டப் படிச்ச மசாகி வட்டனபே 1962-ல துளை வழியாவே ஜவ்வை நறுக்கி எடுத்தார். இதைக் கேட்டதுல இருந்து அவங்க மேல எனக்கு ஒரு தனிப் பிரியம். குத்தவைக்கிறவன் கஷ்டம் குத்தவைக்கிறவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் வாக்கரைப் பிடிச்சு நடந்தேன். நீ கேள்விப்பட்டது அதைத்தான். அதுக்கப்புறம் நடந்ததை யாரும் உனக்குச் சொல்லலை.

முதல் கூத்து கக்கூசு. இந்த வட்டாரத்துல எத்தனை வீட்டுக்கு நான் வெஸ்டர்ன் வச்சுக் குடுத்திருப்பேன்! என் வீட்டுல மட்டும் தரையோட இருக்கிறதுதான். அதுல உட்காரக் கூடாதுன்னுட்டாங்க. நடுவுல ஓட்டை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி ஓட்டினோம். நீ எதைச் செய்யறதா இருந்தாலும் முதல்ல இதைச் சரி பண்ணிக்கோ. வெட்கப்பட்டு யாரும் சொல்ல மாட்டாங்க, அதான் நான் சொல்றேன்.

பன்னெண்டாம் நாள் தையல் பிரிச்சாங்க. ரெண்டு தழும்பும் ஒரு உளுந்து அளவு. பார்க்க வந்தவங்க எல்லாரும், "இம்புட்டுத்தானா? இதுக்கா படுத்திருக்கே?"ன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. மூணாம் வாரம் ஆச்சி வீட்டுல இருந்து ஆள் வந்துச்சு. அவுக அண்ணனுக்கு அறுபது சாந்தி, அதுக்குள்ள ரெண்டாங்கட்டு முடியணும். சும்மா பார்த்துட்டு வர்றேன்னு போனேன். பசங்க போட்ட வரிசையில ஒரு கல்லு ஓரம் தூக்கியிருந்துச்சு. கை சும்மா இருக்குமா? குத்தவச்சேன். ரெண்டே நிமிசம்தான். ராத்திரிக்குள்ள முட்டி பம்ளிமாசு மாதிரி வீங்கிருச்சு.

உன் தங்கச்சி ஐஸ் கட்டியை வைக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "புதுசாப் பதிச்ச தரையில கோழி நடந்தாக்கூடக் கல்லை விட்டு எறிவியே, உன் தரையில நீயே நடந்துட்டியே." மறுபேச்சு இல்லை என்கிட்ட.

பக்கத்து வீட்டுல பக்கவாதத்துல கிடக்கிற ஆச்சிக்கு, மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு பிசியோதெரபிப் பொண்ணு வந்து போகும். அதுதான் என் தொடையைப் பார்த்துட்டுச் சிரிச்சுச்சு. "முட்டியை ஏன் பார்த்துக்கிட்டே இருக்கீங்க? தொடையைப் பாருங்க"ன்னு, என் இஞ்சு டேப்பையே வாங்கி ரெண்டு தொடையையும் அளந்துச்சு. வலது தொடை ஒரு இஞ்சு மெலிஞ்சிருந்துச்சு! முட்டிக்குள்ள நீர் கோத்தா, தொடைச் சதைக்குப் போற உத்தரவையே உடம்பு குறைச்சிருமாம். சதை சோம்பிக் கரைஞ்சு போகும். சதை தாங்கலைன்னா பாரம் பூரா முட்டி மேலதான் இறங்கும், மறுபடி வீங்கும். அன்னியில இருந்து நாள் எண்ணறதை விட்டுட்டு வாராவாரம் தொடையை அளக்க ஆரம்பிச்சேன்.

பயிற்சி ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வச்சு, தொடையை இறுக்கி அமுக்கிப் பத்து எண்ணணும். காலை நீட்டின மேனிக்கே தூக்கணும். குதிகாலைத் தரையோட இழுத்து மடக்கணும். அப்புறம் நம்ம பழைய சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, சீட்டை உசத்தி, ஊர் போகாம மிதிச்சேன். தெருப் பிள்ளைகளுக்கு ஒரு மாசம் நல்ல வேடிக்கை. ஆனா மாப்ளே, சலிப்பு இருக்கே, அதுதான் பெரிய வலி. ஆபரேஷனை வேற ஒருத்தர் செஞ்சு குடுத்துட்டார், இதை நாமதான் செய்யணும்.

இப்ப உன் முட்டிக்கு வர்றேன். உனக்குப் பூட்டிக்கலை. ஒரு நாள்ல டக்குனு வந்ததும் இல்லை. கட்டிங் டேபிள்ல நின்னு நின்னு, அம்பத்திநாலு வயசுல கொஞ்சங் கொஞ்சமா வந்த வலி. அந்தப் பொண்ணுகிட்ட உன் கதையைச் சொன்னேன். பின்லாந்துல 146 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணி 2013-ல வெளியிட்டாங்களாம். எல்லாரும் 35-ல இருந்து 65 வயசுக்குள்ள, உன்னை மாதிரி தேஞ்சு கிழிஞ்ச ஜவ்வு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிஜமாவே நறுக்கினாங்க. மீதிப் பேருக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோட சரி, நறுக்கற மாதிரி நடிச்சுட்டுத் தைச்சு அனுப்பிட்டாங்க. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு வருசம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைஞ்சிருந்துச்சாம். நம்ம வயசுல ஸ்கேன் எடுத்தா, வலியே இல்லாதவங்களுக்குக்கூட ஜவ்வு கிழிஞ்சிருக்குமாம். எனக்குத் துண்டு மாட்டிப் பூட்டிக்கிச்சு, அதை எடுத்தே ஆகணும். உனக்கு அப்படியான்னு டாக்டர்கிட்ட நேராக் கேளு. இல்லைன்னு சொன்னா, முதல்ல மூணு மாசம் தொடைக்கு வேலை குடுத்துப் பாரு. துளை சின்னதுங்கறதுக்காகப் போய்ப் படுத்திராதே. நான் துளையைப் பார்த்து ஏமாந்ததுதான் மூணாம் வாரக் கதை.

வேலைக்கு வந்துட்டேன், அதையும் சொல்றேன். பத்தாவது வாரத்துல அரை நாள், இப்ப முழு நாள். ஆனா குத்தவைக்கிறது கிடையாது, மண்டி போடறதும் கிடையாது. தழும்பு தரையில பட்டா சுருக்குனு குத்துது. ஒரு சாண் உசர முக்காலி செஞ்சுக்கிட்டேன். அதுல உட்கார்ந்து ஓரக்கல்லு அறுத்துக் குடுக்கறேன், நூல் கட்டறேன், மட்டம் பார்க்கறேன். பதிக்கிறது பசங்க. முதல் வாரம் எனக்கு அழுகையே வந்துச்சு. கை பழகின வேலையை இன்னொருத்தன் தப்பாச் செய்யறதை முக்காலியில உட்கார்ந்து பார்க்கிறது இருக்கே, அதுக்கு இந்த முட்டி வலியே தேவலாம்.

ஒண்ணு மட்டும் புதுசாத் தெரிஞ்சுச்சு. குத்தவச்சிருந்தப்ப எனக்கு எப்பவும் நாலு கல்லுதான் தெரியும். இப்ப நிலைப்படியில நின்னு பார்க்கறேன், வளவுக் கூடம் முழுக்கத் தெரியுது. அன்னிக்கு பட்டாலைத் தரையில பூ டிசைன் தூண் பக்கம் அரை இஞ்சு ஒதுங்கிப் போறதை அங்கே இருந்துதான் கண்டுபிடிச்சேன். கீழே இருந்த பயலுக்குத் தெரியலை. முன்னே நான் கீழே இருந்தப்ப இப்படி எத்தனை ஒதுங்கிப் போச்சோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளியே சொல்லிடாதே.

நம்ம மேஸ்திரியை நினைச்சுக்கறேன் அடிக்கடி. கடைசி காலத்துல காலை அகட்டி அகட்டி நடப்பார். நாம ரெண்டு பேரும் சித்தாளா இருந்தப்ப அவர் பின்னாலயே அப்படி நடந்து காட்டிச் சிரிப்போமே. அந்த ஆளுக்கு ஸ்கேனும் இல்லை, கேமராவும் இல்லை. சாக்கை மடிச்சு முட்டிக்கடியில போட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் பதிச்சார். அவர் போட்ட தரை இன்னும் இருக்கு, போன வாரம்கூட ஒரு வீட்டுல பார்த்தேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சா முகம் தெரியுது.

தீபாவளிக்கு வா. ஸ்கேன் ஃபிலிமை மறக்காம எடுத்துட்டு வா, அந்தப் பொண்ணு பார்க்கட்டும். பஸ்ல அம்புட்டு நேரமும் காலை மடக்கியே உட்காராம, திண்டுக்கல்ல இறங்கி நாலு எட்டு நட. வரும்போது ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டா, கல்லுத் துடைக்க இங்கே கிடைக்கிறது பூரா பாலியஸ்டரு, கறையை அப்பி விடுது. வெள்ளைத் துணியா, சாயம் போகாததாப் பாரு. உன் தங்கச்சி வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி இப்பவே எடுத்து வச்சுட்டா.

இப்படிக்கு,
உன் மாமன்