சிவப்புப் பெரிய பஸ்

மச்சான்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்காலில்தான் வலி, வாய்க்கு ஒன்றும் இல்லை.

எழுத வைத்தவள் மூத்தவளின் மகள். தரம் 6. ஆங்கிலக் கொப்பியோடு வந்து, "அம்மப்பா, 'ரெட் பிக் பஸ்' சரியா?" என்றாள். "ஓம், இரண்டு சொல்லும் இருக்குத்தானே, எப்படிப் போட்டால் என்ன?" என்றேன். 30 வருடம் கணக்குப் படிப்பித்த திமிர். இரண்டும் மூன்றும் எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ஐந்துதானே! மறுநாள் கொப்பி புள்ளடியோடு வந்தது. பிள்ளை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மறுகா எனக்கேது நித்திரை?

விசயம் இதுதான். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் பெயரடைகள் வரிசை கட்டி நிற்க வேண்டும். முதலில் நம் அபிப்பிராயம், அப்புறம் அளவு, வயது, வடிவம், நிறம், எந்த ஊர், எதனால் செய்தது, கடைசியில் எதற்காக. பொருளோடு ஒட்டிப் பிறந்தது அதன் பக்கத்தில், நாம் ஒட்டவைத்தது தூரத்தில். நம் மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தை எடு: 'நெரோ ஓல்ட் அயர்ன் பிரிட்ஜ்'. இரும்பை அதிலிருந்து பிரிக்க முடியாது, அதனால் அது பாலத்தை ஒட்டி. அது ஒடுக்கம் என்பதோ 2013இல் புதுப் பாலம் வந்த பிறகுதான் நமக்கே நன்றாக உறைத்தது. 'அயர்ன் ஓல்ட் நெரோ' என்று சொல்லிப் பார், பாலமே கழன்று விழும். தமிழில் 'சிவப்புப் பெரிய பஸ்' என்றால் காது கொஞ்சம் நெளியும், அவ்வளவுதான்.

இப்போது சந்தைக்குப் போனாலும் இதே பைத்தியம். 'நைஸ் ஸ்மோல் ரவுண்ட் பிரவுன் க்ளே பொட்'. சொல்லி முடிப்பதற்குள் தயிர் புளித்துவிடும். தயிர்முட்டியைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்து தனியே சிரித்தேன், மிச்சக் காசை எண்ணாமலே வந்துவிட்டேன்.

ஒரு துருப்பும் வைத்திருக்கிறேன். கதையில் வரும் கெட்ட ஓநாயை 'பிக் பேட் வுல்ஃப்' என்கிறார்கள். அபிப்பிராயம் முன்னால் வரவேண்டுமென்றால் 'பேட் பிக்' அல்லவா? அங்கே ஓசை வென்றுவிடுகிறதாம். டிக் டொக், பிங் பொங் மாதிரி இகரம் முந்திக்கொள்ளும். வகுப்பில் கேள் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். புள்ளடிக்குப் பழி!

இனிப் பகிடி இல்லை. கொழும்பில் அந்த நேர்முகத்தில் நான், 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜொப்' என்றேன். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று வெளியே வந்து உன்னிடம் அப்படியே சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியும் இரண்டு வடையும் வாங்கித் தந்தாய். 'இன்ட்ரஸ்டட்' என்றால் எனக்கு ஆர்வம், 'இன்ட்ரஸ்டிங்' என்றால் நானே பெரிய சுவாரசியமான ஆள். அது பேத்தியின் அடுத்த பாடத்தில், போன கிழமைதான் விளங்கியது.

உனக்கு அன்றைக்கே தெரியுமா? தெரிந்துதான் வடை வாங்கித் தந்தாயா? மற்றதற்கெல்லாம் ஆறுதலாக எழுது, இதற்கு மட்டும் உடனே.

உன்
கணக்கன்