'முடியல' என்று அவள் சொல்லும்போது

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும், லூபஸ் உள்ள உன் தங்கையால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை என்று எழுதியிருந்தாய். சோம்பல் என்று வீட்டில் யாரையும் சொல்ல விடாதே. மருத்துவர் சொன்னதும் உண்மை, அவள் படுகிற பாடும் உண்மை.

உடலின் எதிர்ப்புச் சக்தி அதே உடலையே தாக்குகிற இந்த லூபஸ் நோய் எவ்வளவு சீறுகிறது என்று பார்க்க ஸ்லெடாய் என்ற மதிப்பெண் முறை உண்டு. மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம், ரத்தத் தட்டணுக் குறைவு எல்லாம் அதில் சேரும். அசதிக்கு மட்டும் இடமில்லை. நோயாளிகளை அதிகம் முடக்குவதோ அசதிதான். வாழ்க்கைத்தரத்தை அளக்க லூபஸ்குவால் என்று 34 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. உடல்நலம், வலி, அசதி ஆகியவற்றோடு 'திட்டமிட முடிகிறதா', 'மற்றவர்களுக்குச் சுமையாகிவிட்டேனா' என்பவற்றையும் அது கேட்கிறது. ஃபிளேர், அதாவது நோய் மறுபடி சீறியெழுவது, எப்போது வரும் என்று தெரியாததால் அடுத்த வாரத்துக்கு ஒரு வாக்குக்கூடக் கொடுக்க முடியாமல் போகிறதே, வலியைவிட அதுதான் ஆளை அதிகம் கரைக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால் 'முடியல' என்பதை எண்ணாக்கிக் கொண்டுபோகச் சொல். தினமும் இரவில் ஒரே ஒரு வரி போதும்: அசதி பத்துக்கு எத்தனை, காலையில் விரல் விறைப்பு எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரம் தூங்கினாள், தலை பின்ன முடிந்ததா. நான்கு வாரக் குறிப்பைப் பார்த்தால் மருத்துவருக்குப் பிடி கிடைக்கும். அசதி எல்லாமே ஃபிளேர் அல்ல. ஹீமோகுளோபின், தைராய்டு, விட்டமின் டி, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றால் வந்த அசதிக்கு ஸ்டீராய்டைக் கூட்டினால் தூக்கம் கெடும், முகம் உப்பும், எலும்பு தேயும், அசதி மட்டும் அப்படியே இருக்கும். நோய் அடங்கிய பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 5 மி.கி. அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. ஆனால் அவளாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. உடல் தானே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அதற்குள் திரும்பியிருக்காது, அது உயிருக்கே ஆபத்து.

லூபஸை அடக்கி வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நிறுத்தியதும் ஒன்றும் ஆகாது, 'இது இல்லாமலே நன்றாக இருக்கிறேன்' என்று தோன்றும். வாரங்களோ மாதங்களோ கழித்து ஃபிளேர் வரும்போது காரணம் மறந்துபோயிருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் போகாமல், விழித்திரையையும் உரிய காலத்தில் பரிசோதித்துக்கொண்டே தொடரட்டும்.

வெயிலும் அப்படித்தான், பட்ட அன்றே காட்டாமல் சில நாள் கழித்தும் கிளப்பிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் புற ஊதா-ஏ கதிர் வரும். எஸ்.பி.எஃப். 50 பூச்சு, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

சிறுநீரில் நுரை, கால் வீக்கம், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல் – இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் ஃபிளேராகவும் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மிக உயர்ந்திருந்தால் தொற்றைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறாள். ஃபிளேரின் நடுவில் அந்த முடிவு வேண்டாம். முதலில் நேரத்தைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கட்டும். சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் புரத-கிரியேட்டினின் விகிதம் வந்ததும் எனக்கு எழுது, 0.5-ஐத் தாண்டியிருந்தால் சிறுநீரகத் திசுப் பரிசோதனை பற்றிப் பேச்சு வரும், அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தி